திருகோணமலையில் கோணேசருக்கு அப்பால்: பழைய இடிபாடுகளைப் பார்க்கப் போவது எப்படி?

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடல், புறாத்தீவு என்று நான்கையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தால், குச்சவெளி, திரியாய், வெல்கம் விகாரை என்று கூட்டமே இல்லாத பழைய பௌத்த இடங்கள் மூன்றைப் பார்த்துவிடலாம்.

முதல் வேலை, காலம் பார்ப்பது. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை இங்கே கொட்டித் தீர்க்கும், அப்போது வராதீர்கள். சித்திரையிலிருந்து ஆவணி வரை வானம் வெளித்திருக்கும். ஆனால் வெயில் சும்மா விடாது. விகாரை நிலத்தில் செருப்பைக் கழற்றியாக வேண்டும், பத்து மணிக்கெல்லாம் கல் உள்ளங்காலைப் பதம் பார்க்கத் தொடங்கிவிடும், அதனால் தடித்த சொக்ஸ் ஒரு சோடி கட்டாயம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், ஒரு சாப்பாட்டுப் பார்சல். இவ்வளவு போதும்.

அடுத்தது வாகனம். முதல் நாளுக்கு, வடக்கே போகிற புல்மோட்டை பஸ்ஸில் போகலாம், மலிவு. ஆனால் திரியாய்ச் சந்தியில் இறங்கினால் உள்ளே போக எதுவும் கிடைக்காமல் நிற்க வேண்டி வரும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் நாள் முழுக்க ஓட்டோ பேசுவதே நல்லது. காத்திருக்கிற நேரத்துக்கும் சேர்த்துத்தானா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

விடியவே கிளம்பி முதலில் குச்சவெளிக்குப் போங்கள். கடலோரப் பாறையில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றும், சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களுக்குள் செதுக்கிய தூபிகளும் (பௌத்தர் வணங்கும் குவிமாடங்கள்) இருக்கின்றன. சாய்ந்த வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், உச்சி வெயிலில் வெட்டுக்கள் எல்லாம் பாறையோடு பாறையாகிவிடும். நேராக நின்று பார்க்காமல் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சோக்கால் தேய்த்துப் படம் எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், கல் கெடும், சட்டமும் விடாது.

அங்கிருந்து வடக்கே திரியாய். உள்ளே காட்டோரம் ஒரு குன்று, ஊர்க்காரர் கந்தசாமிமலை என்பார்கள், மேலே இருப்பதை கிரிஹண்டு சேய என்று தொல்லியல் பலகைகள் சொல்லும். அவசரப்படாமல் ஏறுங்கள். உச்சியில் சிறிய தூபி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கல்தூண்கள். கூரை எப்போதோ போய்விட்டது, ஆனால் வாசலில் நின்று தூண்களுக்கு நடுவால் பார்த்தால் அந்த வட்ட மண்டபம் எப்படி இருந்திருக்கும் என்று பிடிபடும். இங்கேயும் பாறையில் ஒரு கல்வெட்டு உண்டு. பல்லவ கிரந்த எழுத்து, அதாவது தென்னிந்தியாவில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து, மொழி சமஸ்கிருதம். இந்தத் தலத்தை உண்டாக்கியவர்கள் என்று இரண்டு வணிகக் கூட்டத்தாரின் பெயரை அது சொல்கிறது. காட்டுக்குள் வணிகருக்கு என்ன வேலை என்று தோன்றும். கிழக்கே திரும்பிப் பாருங்கள், கடல் தெரியும். என் கணக்கில், இந்த மாவட்டத்துப் பழைய இடங்களைப் புரிந்துகொள்ள இதுதான் வழி: இடிபாட்டைப் பார்த்த கையோடு பக்கத்தில் தண்ணீர் எங்கே என்று தேடுங்கள், ஒன்றில் கடலாக இருக்கும், இல்லாவிட்டால் குளமாக இருக்கும்.

நேரம் மிச்சமிருந்தால் புல்மோட்டைப் பக்கம் அரிசிமலைக் கடற்கரை. மணல் அரிசிக் குருணை போலப் பருமனாக இருக்கும், அள்ளிப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் வெல்கம் விகாரை. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அது நாதனார் கோயில். அநுராதபுர வீதியால் போய் வடக்கே பெரியகுளம் பக்கம் திரும்ப வேண்டும். எனக்கு மூன்றிலும் மிகப் பிடித்தது இதுதான். சோழர் காலத்தில் இது இராஜராஜப் பெரும்பள்ளி, பள்ளி என்றால் இங்கே பௌத்த விகாரை. விளக்கெரிக்க மாடும் எருமையும் கொடுத்த கணக்கு தமிழிலேயே கல்லில் வெட்டியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பாருங்கள், தெரிந்த எழுத்து ஒன்றிரண்டு நிச்சயம் அகப்படும். அப்புறம் சிலைமண்டபத்தின் அடித்தளத்தைக் கவனியுங்கள், நம் கோயில்களில் பார்த்த அதே வரிவரியான வேலைப்பாடு, உள்ளே நிற்பது மட்டும் புத்தர்.

நான்கு மணிக்குள் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பொழுது சாய்ந்தால் அந்தப் பாதை யானைக்குரியது. யானை வழியில் நின்றால் ஹோர்ன் அடிக்காமல், இறங்காமல், தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள், அது போகட்டும்.