தொலைநோக்கி மவுன்ட்: என்கோடரை எங்கே பொருத்துவது?

தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுன்ட் எவ்வளவு சுழன்றது என்று அளப்பது என்கோடர். அதை மோட்டார் தண்டில் பொருத்தினால், அச்சைச் சுழற்றும் வார்ம் கியரின் (திருகும் பல்சக்கரமும்) பிழை அதன் கண்ணில் படாது. வானத்தின் நகர்வைப் பின்தொடரச் சுழலும் ஆர்.ஏ. அச்சிலேயே பொருத்துங்கள். 180 பல் சக்கரமென்றால் சுமார் 8 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பும் அந்த ஆட்டம் அப்போதுதான் பிடிபடும்.

முழுச் சுற்று 12,96,000 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3,600). ஆகவே 10,000 எண்ணிக்கை தரும் என்கோடரில் ஒரு படி கிட்டத்தட்ட 130 ஆர்க்செகண்ட்; பொருளைத் தேடிப் பிடிக்க உதவும், அதைத் துல்லியமாகப் பின்தொடரும் டிராக்கிங்குக்கு உதவாது. 24 பிட் (சுமார் 1.68 கோடி எண்ணிக்கை) என்றால் ஒரு படி 0.08 ஆர்க்செகண்டுக்கும் குறைவு.

பலர் கோட்டைவிடுவது என்கோடரின் கோடிட்ட வளையத்தை அச்சில் மையப்படுத்துவதில். 50 மி.மீ. ஆரமுள்ள வளையம் 10 மைக்ரான் விலகினாலே பிழை 41 ஆர்க்செகண்ட் வரை போகும். நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சரிபாருங்கள். வளையத்தைப் படிக்கும் ரீடிங் ஹெட் இரண்டை எதிரெதிரே வைத்துச் சராசரி எடுத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். ஆனால் வளையத்தின் கோடுகளுக்கிடையே மதிப்பிடுவதில் வரும் சிறுபிழை அப்படிப் போகாது. வேகமாக மாறுவதால் அதுதான் படத்தைக் கெடுக்கும்.

என்கோடர் காட்டும் பிழையை மோட்டார் திருத்தத் தொடங்கியதும் அச்சு முன்னும் பின்னும் ஆடுகிறதா? கெயினை, அதாவது திருத்தத்தின் வேகத்தை, குறையுங்கள். கியரில் தளர்வு இருந்தால் கிழக்குப் பக்கம் சற்றே கனமாக இருக்கட்டும், பற்கள் ஒரே பக்கம் அழுந்தி நிற்கும்.

துருவச் சீரமைப்புப் பிழை, வளிமண்டல ஒளிவிலகல், குழாயின் வளைவு ஆகியவை என்கோடருக்குத் தெரியாது. அவற்றுக்கு ஒரு நட்சத்திரத்தைக் கேமராவில் பார்த்தபடியே திருத்தும் கைடிங் வேண்டும், அல்லது இந்தப் பிழைகளை முன்பே அளந்து கணக்கிட்டுத் திருத்தும் பாயிண்டிங் மாடல்.