அந்நிய நாட்டில் பெருந்தொற்றுக் காலம்: விசுவாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னபோது, வெளிநாட்டில் இருந்த பலரும் "ஈஸ்டர் வரைக்கும்தானே, சமாளித்துவிடலாம்" என்றுதான் நினைத்தோம். ஈஸ்டர் ஏப்ரல் 12-ல் வந்து, பூட்டிய ஆலயங்களுக்கு வெளியே கடந்துபோனது. அவசரநிலை முடிந்தது என்று அதே நிறுவனம் அறிவித்தது 2023 மே 5-ல். மூன்று வருடத்துக்கும் மேல். ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பேசவும் கற்றுக்கொள்கிற காலம் அது.

அந்தக் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளில் பெரியது எது என்று யோசித்தால், நோய் சம்பந்தப்பட்ட எதுவும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. காத்திருந்ததுதான் வருகிறது. விமானம் ஓடட்டும், ஊருக்குப் போவோம், அப்புறம் ஜெபிப்போம், அப்புறம் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேதம் வாசிப்போம், அப்புறம் பக்கத்து வீட்டாரோடு பேசுவோம் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டோம். கட்டின பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு வாழ்வது போன்ற வாழ்க்கை.

அந்நாட்களில் எல்லோருடைய கைபேசியிலும் எரேமியா 29:11 ஓடிக்கொண்டிருந்தது. தேவன் நம்மேல் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கானவை அல்ல என்கிற அந்த வசனம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதி அனுப்பின கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. இன்னும் மேலே போனால், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று கர்த்தருடைய பேரால் சொல்கிறான். அது பொய்யாகப் போனது. "இந்த மாதக் கடைசியில் தொற்று அடியோடு ஒழியும் என்று ஆண்டவர் காட்டினார்" என்று யாராவது சொல்லும்போது அனனியாவை நினைத்துக்கொள்ளுங்கள். தேதி கொடுக்கிற ஆறுதலை நம்பி, விசா புதுப்பிப்பதையும் வாடகைக்கு வழி பார்ப்பதையும் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு தவித்தவர்கள் உண்டு.

ஆகவே முதலில், இருக்கிற ஊரில் இருங்கள். எழுகிற நேரம், ஜெபிக்கிற நேரம், வேலை முடிக்கிற நேரம் மூன்றையும் நிலையாக வையுங்கள். அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாட்டின் அவசர எண்ணையும், காய்ச்சல், மூச்சுத்திணறல், மருந்து ஒவ்வாமை என்கிற சொற்களையும் அங்குள்ள மொழியில் மனப்பாடம் செய்யுங்கள். மூச்சு வாங்கும்போது மொழிபெயர்ப்புச் செயலியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சங்கீதம் 91-ஐக் கேடயமாக மட்டும் பிடிப்பது

"வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்று வீட்டுக் கதவில் ஒட்டி வைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பயத்தில் பிடித்துக்கொள்ள வேதவசனத்தைவிட நல்லது ஏது? தவறு அடுத்த படியில் நடக்கிறது. வசனம் கதவில் இருக்கிறதே, முகக்கவசம் எதற்கு, பத்துப் பேர் கூடி ஜெபித்தால் என்ன ஆகிவிடும் என்று போகிற படி அது. இதே சங்கீதத்தைத்தான் பிசாசு தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் எடுத்துச் சொன்னான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது அதற்கு வந்த பதில். வசனத்தை அவர் மறுக்கவில்லை; அதை வைத்துக் குதிக்கத்தான் மறுத்தார்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். சோதனையில் உறுதியானவர்கள், அறிகுறி தெரிந்தவர்கள் என்று சேர்த்து 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். பூட்டிய அறையில் வாய்திறந்து பாடும்போது மூச்சோடு வெளிவரும் நுண்துளிகள் காற்றிலேயே தங்கிவிடுகின்றன. அந்த இடத்தில் பாடுகிறவருடைய பக்தியின் அளவு கணக்கில் வருவதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, கீழ்வீட்டில் காய்ச்சலில் கிடப்பவருக்கு வாசலில் ஒரு பாத்திரம் கஞ்சிகூட வைக்காமல் இருப்பது. 1527-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரத்துக்குக் கொள்ளைநோய் வந்தபோது சபைச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூத்தர் ஊரை விட்டுப் போகவில்லை. நோயாளிகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். கொள்ளைநோய்க்கு விசுவாசி ஓடலாமா என்று கேட்ட போதகர்களுக்கு அவர் எழுதிய பதிலில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். வீட்டுக்குப் புகை போடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், என் தேவை இல்லாத இடத்துக்குப் போகமாட்டேன். ஆனால் அயலானுக்கு நான் தேவைப்பட்டால் தயங்கவும் மாட்டேன் என்கிறார். ஐந்நூறு வருடத்துக்கு முந்தின அந்தப் பதிலைவிடத் தெளிவான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

இந்த இடத்தில் இன்னொன்று. நோய் வந்தவரிடம் "விசுவாசம் குறைவு" என்று சொல்லாதீர்கள், மனதுக்குள்கூட நினைக்காதீர்கள். எத்தனையோ பேரைச் சுகமாக்கின பவுல், தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியுள்ளவனாக விட்டுவந்ததாகத் தானே எழுதுகிறார்.

நோயை மறைப்பது

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது தனிப்பட்ட சோதனை. ஊரில் அம்மா பயப்படுவார் என்று வீட்டாரிடம் மறைப்போம். வேலை போய்விடும் என்று முதலாளியிடம் மறைப்போம். தங்கும் அனுமதிக் காகிதத்தில் ஏதாவது சிக்கல் வருமோ என்று மருத்துவரிடமே மறைப்போம். ஒரே அறையில் நான்கு பேர் தங்கியிருந்தால் அறைத்தோழர்களிடமும் மறைப்போம். இந்தக் கடைசி மறைப்பு மற்ற மூவரையும் படுக்க வைத்துவிடும்.

பிலிப்பியர் நிருபத்தில் எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர் வருகிறார். பவுலுக்கு உதவி கொண்டுபோன இடத்தில், சொந்த ஊரை விட்டு வெகுதூரத்தில், சாகிற நிலைக்கு நோயுற்றார். அவருக்கு இருந்த பெரிய வருத்தம் என்ன தெரியுமா? தான் வியாதிப்பட்டதை ஊரில் உள்ளவர்கள் கேள்விப்பட்டுவிட்டார்களே என்பதுதான். வெளிநாட்டில் காய்ச்சலோடு படுத்திருந்து, ஊரிலிருந்து வரும் அழைப்பை எடுக்கலாமா வேண்டாமா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் அந்த வரி புரியும். பவுலோ அதை மூடி வைக்கவில்லை. மரணத்துக்குச் சமீபமாய் இருந்தான், தேவன் இரங்கினார் என்று உள்ளதை உள்ளபடி எழுதி, அவரைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஊருக்கே அனுப்பி வைக்கிறார்.

வீட்டில் எல்லோருக்கும் சொல்ல முடியாவிட்டால், பதறாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் முழு உண்மையையும் சொல்லுங்கள். நீங்கள் இருக்கிற ஊரிலேயே ஒருவரிடம், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் பெயர், காப்பீட்டு எண், பாஸ்போர்ட் நகல், வீட்டாரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். உங்கள் நாட்டுத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். இது விசுவாசக் குறைவு அல்ல.

திரையில் மூன்று ஆராதனை

ஆலயம் பூட்டியிருந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்ச் சபையின் ஆராதனை, மதியம் பேர்பெற்ற ஒரு போதகர், மாலையில் இன்னொரு நாட்டுப் பாடல் ஆராதனை என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சில மாதங்கள் கழித்துத்தான் உறைத்தது: இத்தனை சபைகளில் ஒன்றிலாவது, நான் அந்த வாரம் வராவிட்டால் "எங்கே காணோம்?" என்று கேட்க ஒருவரும் இல்லை. பிரசங்கம் நிறைய இருந்தது, ஐக்கியம் இல்லை.

ஊர்ச் சபையின் ஒளிபரப்பைப் பாருங்கள், தப்பில்லை. தாய்மொழியில் ஜெபம் கேட்கும்போது மனது இளகுவது வேறெதிலும் கிடைக்காது. ஆனால் நேர வித்தியாசத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு அரைத்தூக்கத்தில் பார்ப்பதைவிட, நீங்கள் இருக்கிற ஊரின் ஒரு சிறிய சபையில், மொழி பாதிதான் புரிந்தாலும், பெயர் சொல்லிப் பழகுவது நல்லது. வாரம் ஒருமுறை மூன்று பேர் தொலைபேசியில் கூடி, ஒருவருக்கொருவர் பாரத்தைச் சொல்லி ஜெபித்தாலே போதும். பார்க்கும்போது படுக்கையை விட்டு எழுந்து உட்காருங்கள், பாட்டுக்கு வாய் திறங்கள், கைபேசியில் வேறு எதையும் திறக்காதீர்கள். திருவிருந்து விஷயத்தில் சபைக்குச் சபை போதனை வேறு. உங்கள் குருவானவரிடம் கேட்டுச் செய்யுங்கள், தானாக ஒன்றை ஏற்படுத்திக்கொள்ள வேண்டாம்.

வாட்ஸாப்பில் வரும் செய்திகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தடுப்பூசிதான் 666 முத்திரை என்ற செய்தியைப் பகிர்ந்தவர்களில் நான் மதிக்கிற மூத்தவர்களும் இருந்தார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 13-ல் அந்த முத்திரை மிருகத்தை வணங்குவதோடு சேர்ந்தே வருகிறது; அதற்கும் மருத்துவமனையில் போடும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. கொரோனா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது அறநெறிப்படி ஏற்கத்தக்கது என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21-ல் வெளியிட்ட குறிப்பிலும் தெளிவாகச் சொன்னது. பயமுறுத்தும் செய்தி வந்தால் ஒருநாள் பகிராமல் வைத்திருங்கள்.

தூரத்தில் நடக்கும் அடக்க ஆராதனை

இதைப் பற்றி மெதுவாகத்தான் எழுத முடிகிறது. பெற்றவர் இறந்த செய்தி வந்து, விமானம் இல்லாமல், அடக்கத்தைக் கைபேசித் திரையில் பார்த்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் சபையார் செய்த தவறு, அவசரமாக ஆறுதல் சொன்னது. "கர்த்தருடைய சித்தம்", "நல்ல இடத்துக்குப் போய்விட்டார்", "நீங்கள் போயிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?" இவை எல்லாம் சொல்பவருடைய சங்கடத்தைத்தான் தீர்க்கின்றன.

லாசருவின் கல்லறைக்கு இயேசு வந்தது நான்காம் நாள். "நீர் இங்கேயிருந்தீரானால்" என்று மார்த்தாளும் சொன்னாள், மரியாளும் சொன்னாள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. உயிர்த்தெழுப்பப் போகிறேன் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார். போக முடியாமல் போன பிள்ளை அதே வாக்கியத்தைத் தன்னையே பார்த்துச் சொல்லிக்கொள்வான்: நான் அங்கே இருந்திருந்தால். அதைச் சொல்லவிடுங்கள்.

நீங்களே அந்த நிலையில் இருந்தால், தனி அறையில் பார்க்காதீர்கள். விதிகள் அனுமதித்தால் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு கருவியில் ஒருவர் இணைப்பில் இருக்கட்டும். கைபேசியைக் கையில் பிடித்து ஆட்டாமல் ஓரிடத்தில் நிலையாக நிறுத்தும்படி ஊரில் உள்ளவரிடம் முன்னதாகவே கேளுங்கள். நீங்கள் சொல்ல நினைப்பதை இரண்டு நிமிடம் பதிவு செய்து அனுப்பினால் அங்கே ஒலிக்கச் செய்வார்கள். பிறகு போகமுடிகிற நாளில் கல்லறைக்குப் போய் ஒரு ஜெபம் நடத்துங்கள், இரண்டு வருடம் கழித்து ஆனாலும் சரி.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். வேலை நிச்சயமில்லாத மாதங்களிலும் ஊருக்கு முழுச் சம்பளத்தையும் அனுப்பிவிட்டு, கஷ்டத்தைச் சபையில் சொல்ல வெட்கப்பட்டு, அரைவயிறாக இருந்தவர்கள் உண்டு. கொடுக்கத் தெரிந்த நமக்குக் கேட்கவும் தெரிய வேண்டும். பிலிப்பியர் அனுப்பிய உதவியைப் பவுல் வாங்கிக்கொண்டதால்தான் பிலிப்பியர் நிருபமே நமக்குக் கிடைத்தது.

கடைசித் தவறு, கதவு திறந்த பிறகு நடப்பது. வீட்டிலிருந்தே பார்ப்பது பழகிவிடுகிறது. ஆலயத்துக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது. யோவான் தன் இரண்டாம் நிருபத்தை, காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனமில்லை, வந்து முகமுகமாய்ப் பேசுவேன் என்று முடிக்கிறார். அவர் கையில் இருந்தது காகிதம், நம் கையில் இருப்பது திரை. உடல்நிலை இடம்கொடுத்தால் இந்த ஞாயிறே போங்கள். கொஞ்சம் முன்னதாகவே போய், இத்தனை நாள் திரையில் சின்னக் கட்டங்களாகப் பார்த்த முகங்களில் ஒன்றின் பக்கத்தில் உட்காருங்கள்.