மாலத்தீவுக்கு ஆசிரியராக வரும் குமரி மாவட்டத்தாருக்கு

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, நாகர்கோவில் பக்கமிருந்து பி.எட். முடித்து மாலத்தீவுக்கு வேலைக்கு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. வரும்போது பெரும்பாலும் எல்லோருக்கும் வகுப்பறையை நினைத்துத்தான் பயம். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் கைக்கு வருமா, நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே பேச முடியுமா என்று தூக்கம் கெடும். அது ஒரு பருவத்தில் தீர்ந்துவிடும். தீவு வாழ்க்கைக்குப் பழகத்தான் நாளாகும். அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம் என்கிற அளவு நிலம். அதில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கடையிலும் கடற்கரையிலும் படகுத்துறையிலும் நீங்கள் 'மிஸ்'தான், 'சார்'தான். அதற்கு உங்களைத் தயார்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

ஏஜென்ட் வழியாக வருகிறீர்கள் என்றால், வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்தியச் சட்டம் 30,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது, திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. நமக்குத் திருவனந்தபுரம் பஸ் ஏறினால் போய்விடும் தூரம்.

இந்தியர்களுக்கு மாலத்தீவில் இறங்கியதுமே சுற்றுலா விசா இலவசமாகக் கிடைக்கும். "முதலில் அதில் வந்துவிடுங்கள், ஒர்க் பெர்மிட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த விசாவில் வேலை செய்வது குற்றம், மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான். வேலைக்கான அனுமதி கையில் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

ஒப்பந்தத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படியுங்கள். சம்பளம் மாலத்தீவுப் பணமான ருஃபியாவிலா டாலரிலா, தங்குமிடம் தருகிறார்களா அல்லது வாடகைப் படியா, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போக விமானக் கட்டணம் உண்டா, எந்தத் தீவு என்று பெயரோடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே 2008-இல் வந்த வேலைவாய்ப்புச் சட்டப்படி ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்தோடு 30 நாள் விடுப்பு உண்டு. ஆசிரியர்களுக்கு அதைப் பள்ளி விடுமுறையோடு எப்படிச் சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். மதுவும் பன்றி இறைச்சியும் வழிபாட்டுச் சிலைகளும் இந்த நாட்டுக்குள் வரக் கூடாது. வீட்டில் அம்மா ஆசையோடு வைத்துவிடுகிற சின்னப் பிள்ளையார், மாதா சுரூபம், கிறிஸ்துமஸ் கேக்குக்கான ஒயின் எதுவும் வேண்டாம். சுங்கத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள், முதல் நாளே மனசு கெட்டுப்போகும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு கொண்டு வாருங்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை என்றால் சீட்டு இல்லாமல் எடுக்கவே கூடாது.

இறங்கியதும்

திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைநகர் மாலே வந்துவிடும். கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்து உங்கள் தீவுக்குப் போவதுதான் நெடும்பயணம். விமான நிலையம் தனித் தீவில் இருக்கிறது. 2018-இல் திறந்த பாலம் அதை மாலேயோடு இணைக்கிறது. மறுபக்கம் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேக்குச் சாலை உண்டு. தூரத் தீவுகளுக்கு உள்நாட்டு விமானம், பிறகு படகு. கிட்டத்துத் தீவுகளுக்கு நேராக ஸ்பீட் போட். அன்றைக்குக் கடைசிப் படகு போய்விட்டால் இரவு மாலேயில் தங்க வேண்டி வரும். அந்தச் செலவு பள்ளியுடையதா உங்களுடையதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படகில் போகும்போது பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் தண்ணீர் புகாத உறையில் மடியிலேயே இருக்கட்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றுக்காலத்தில் அலை படகுக்குள்ளேயே அடிக்கும். குளச்சலிலோ சின்னத்துறையிலோ கடலோரம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. மேட்டுப் பக்கம் அருமனை, குலசேகரம் என்று வளர்ந்தவர்கள் வாந்திக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, படகின் பின்பக்கம் உட்காருவது நல்லது. முன்பக்கத்தில் தூக்கிப் போடும்.

வந்த பிறகு மருத்துவப் பரிசோதனை, விசா முத்திரை என்று சில வேலைகள் நடக்கும். அதற்காகப் பாஸ்போர்ட்டை வாங்கினால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள், வேலை முடிந்ததும் கையில் வாங்கிவிடுங்கள்.

தீவுக்குள்

மாலை வெயில் தாழ்ந்ததும் ஆட்கள் வீட்டு வாசலிலும் படகுத்துறை ஓரத்திலும் 'ஜோலி' என்கிற கயிறு பின்னிய இருக்கைகளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். முதல் வாரம் நீங்கள் நடந்து போனால் எல்லாக் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். அதில் தப்பெண்ணம் எதுவும் இல்லை. புதிதாக வந்த டீச்சர் யார், எந்த வகுப்பு எடுப்பார் என்று பார்க்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகாதீர்கள். நின்று சிரித்து "கிஹினே?" என்று நலம் கேளுங்கள். யாராவது உதவினால் "ஷுகுரிய்யா" என்று நன்றி சொல்லுங்கள். மறுநாளே உங்கள் வகுப்பில் பிள்ளைகள் முகம் மாறியிருக்கும், ஏனென்றால் அந்த ஜோலியில் இருந்தவர் யாரோ ஒரு பிள்ளையின் பாட்டி.

புதியவர்கள் பலர் அறையும் பள்ளியும் இந்தியப் பணியாளர்களின் அடுக்களையுமாகவே காலத்தைக் கழித்துவிடுகிறார்கள். ஆசிரியர் அறையில் மலையாளமும் ஆங்கிலமும்தான் அதிகம் ஒலிக்கும். குமரிக்காரர்களுக்கு அதில் பெரிய வசதி உண்டு. நமக்கு மலையாளம் காதில் விழுந்து வளர்ந்த பேச்சு, அதனால் முதல் நாளே கூட்டத்தில் சேர்ந்துவிடுவோம். அந்த வசதியே பிறகு நம்மைக் கட்டிப் போட்டுவிடும் என்பதால்தான் சொல்கிறேன்: வாரத்தில் ஒரு மாலையாவது தீவுக்காரர் வீட்டுக்குப் போங்கள்.

நோன்பு மாதத்தில் யாராவது பிள்ளையின் அம்மா மூடிய தட்டில் பலகாரம் கொண்டு வந்து தருவார். அந்தத் தட்டை வெறுமனே திருப்பித் தராதீர்கள். ஊரிலிருந்து கொண்டு வந்த முந்திரிக்கொத்தோ, நேந்திரங்காய் சிப்ஸோ நான்கு வைத்துக் கொடுங்கள். இதற்கு மொழியே தேவையில்லை. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டு வருகிறவரும், நடுராத்திரியில் சுகாதார மையத்துக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போகிறவரும் இந்த உறவில் வந்தவராகத்தான் இருப்பார்.

உடை விஷயத்தில் ஊர் வழக்கமே போதும். சேலையோ சுடிதாரோ உடுத்தலாம், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆண்கள் சட்டை இல்லாமல் வீட்டுக்கு வெளியே வரக் கூடாது. தனியாக வாழ்கிற பெண்களுக்கு ஊரார் கண் சில நேரம் பாரமாக இருக்கும். அதே கண்தான் இரவில் காவலாகவும் இருக்கிறது. வீட்டுச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது, கதவுக்கு உள்தாழ் சரியாக இருக்கிறதா என்று குடியேறும் நாளே பார்த்துவிடுங்கள்.

2004 டிசம்பர் 26-ஐப் பற்றிப் பெரியவர்கள் பேச்சு எடுத்தால் உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்குக் குளச்சலுக்கும் மணக்குடிக்கும் வந்த கடல்தான் இங்கேயும் வந்தது. இந்த நாட்டில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள், சில தீவுகளில் குடியே கலைந்துவிட்டது. நம் ஊரில் நடந்ததைச் சொன்னால் அவர்களும் கேட்பார்கள். அப்படிப் பேசிவிட்டு எழுந்த பிறகு நீங்கள் அவர்களுக்கு வெளிநாட்டுக்காரர் இல்லை.

சாப்பாடு

கறிவேப்பிலையும் முருங்கையும் சீமைப்பலாவும் மரச்சீனியும் தேங்காயும் இங்கேயே விளைகின்றன. மீன் என்றால் பெரும்பாலும் சூரைதான். காலையில் சூரையைத் தேங்காய்ப்பூவோடும் வெங்காயத்தோடும் பிசைந்து ரொட்டியோடு சாப்பிடுவதை 'மஸ் ஹுனி' என்பார்கள். மதியத்துக்குக் 'கருதியா' என்று தெளிந்த மீன் சாறு, சோற்றோடு எலுமிச்சையும் மிளகாயும். நம் நாக்குக்கு முதலில் வெறும் தண்ணீராகத் தெரியும். புளியும் மல்லியும் அரைத்த தேங்காயும் சேர்த்து நீங்களே மீன்கறி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குடம்புளி, மல்லி, வற்றல் மிளகாய், கொஞ்சம் சம்பா அரிசி ஊரிலிருந்து வரட்டும்.

காய்கறிதான் கஷ்டம். சரக்குப் படகு மாலேயிலிருந்து வருகிற நாளைத் தெரிந்துகொண்டு, அது கட்டுகிற நேரத்தில் துறையிலோ கடையிலோ நில்லுங்கள். தக்காளியும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடும். காற்று பலமாக அடித்தால் படகே வராது; அந்த வாரத்துக்குப் பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை கையிருப்பில் இருக்க வேண்டும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதை முன்னமே யோசித்துக்கொண்டு வாருங்கள்.

பல தீவுகளில் நிலத்தடி நீர் உப்போடும் வாடையோடும் இருக்கும், குளிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க மழைநீர்த் தொட்டித் தண்ணீரைக் காய்ச்சியோ, கடையில் வாங்கியோ குடிக்கலாம். கொசுவுக்கு வலை வேண்டும். டெங்கு இங்கும் உண்டு.

பள்ளி

வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனோடு முடியும். வெள்ளியும் சனியும் விடுமுறை. காலையில் சீக்கிரமே பள்ளி தொடங்கிவிடும். 2015-இலிருந்து நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்தில் மனப்பாடத்துக்கு இடம் குறைவு. பிள்ளை என்ன செய்து காட்டினான் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஒரே வகுப்பில் மூன்று விதமான பிள்ளைகளுக்கு மூன்று விதமான பயிற்சித்தாள் தயாரிக்க வேண்டியிருக்கும். மேல் வகுப்புகளில் கேம்பிரிட்ஜ் தேர்வு. பழைய வினாத்தாள்களும் மதிப்பெண் வழங்கும் முறையும்தான் உங்களுக்குப் பாடப்புத்தகம். இந்த நாட்டு மொழியான திவேஹியையும் இஸ்லாம் பாடத்தையும் உள்ளூர் ஆசிரியர்கள் எடுப்பார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளைப் போல ஆசிரியர் உள்ளே வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகள் மிஸ்ஸிடம் சகஜமாகப் பேசுவார்கள், எதிர்க் கேள்வி கேட்பார்கள், பாசமாகவும் இருப்பார்கள். கத்தினால் எதுவும் நடக்காது. கம்பு, காது திருகல், முட்டி போட வைத்தல் எதுவுமே கூடாது. எந்த ஊரிலும் கூடாது. பிள்ளையின் பெயரை முதல் வாரத்திலேயே சரியான உச்சரிப்போடு கற்றுக்கொண்டவர்களுக்கு வகுப்பு சீக்கிரம் வசப்படும்.

பெற்றோர்கள் வைபர் என்கிற செய்திச் செயலியில்தான் இருப்பார்கள். வகுப்புக்கு ஒரு குழு இருக்கும், இரவு பத்து மணிக்கும் கேள்வி வரும். எந்த நேரம் வரை பதில் சொல்வீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளையின் குறையைக் குழுவில் எழுதவே எழுதாதீர்கள். அரை மணி நேரத்தில் தீவு முழுக்கத் தெரிந்துவிடும், அந்தப் பிள்ளை மறுநாள் உங்கள் முகத்தைப் பார்க்காது.

வழிபாடு

இங்கே கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. வேறு மத வழிபாட்டைப் பொதுவில் நடத்தச் சட்டம் இடம் தருவதில்லை. நம் மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை மணிச்சத்தத்தில் விழித்து வளர்ந்தவர்களுக்கு, அந்த நேரத்தில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டு நிற்பது ஆரம்பத்தில் நெஞ்சை அடைக்கும். அறைக்குள் தனியாக ஜெபிக்கலாம், விளக்கில்லாமல் மனதுக்குள் கும்பிடலாம், ஊர்த் திருப்பலியைப் போனில் காதுக்கு மட்டும் கேட்கலாம். மதத்தைப் பற்றி வகுப்பிலோ வைபரிலோ பேச்சே வேண்டாம். நோன்பு மாதத்தில் பகலில் பிறர் பார்க்கச் சாப்பிடாதீர்கள்.

பணமும் அவசரமும்

ருஃபியாவின் அதிகாரபூர்வ மதிப்பு 2011-இலிருந்து டாலருக்கு 15.42 என்ற வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் வங்கியில் அந்த விலைக்கு டாலர் கேட்டதும் கிடைக்காது. பாரத ஸ்டேட் வங்கி 1974-இலிருந்தே மாலேயில் இருக்கிறது. இந்தியர்கள் மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்று அங்கே வரம்பு உண்டு, அது மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே வேலைக்குச் சம்மதிக்கும் முன்பே இன்றைய வரம்பைக் கேட்டுக்கொண்டு, ஊரில் கட்ட வேண்டிய மாதத் தவணை அதற்குள் அடங்குமா என்று கணக்குப் பாருங்கள். நகைக்கடன் வாங்கி வருகிறவர்கள் இதை இரண்டு தடவை பார்க்க வேண்டும். வெளியில் டாலர் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மாதம் 60,000 ருஃபியா வரை இங்கே வருமான வரி இல்லை, ஆசிரியர் சம்பளம் அதற்குள்தான் இருக்கும். ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் ஊரில் வரும் பணத்துக்கு வைக்கிற என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, இங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

தீவுச் சுகாதார மையத்தில் பெரும்பாலும் மலையாள நர்ஸ் ஒருவராவது இருப்பார். பெரிய சிகிச்சை என்றால் மாலேயில் இந்திய உதவியோடு கட்டி 1995-இல் திறந்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை இருக்கிறது. உங்கள் காப்பீட்டு அட்டை எதற்கெல்லாம் செல்லும் என்று படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ திடீரென்று முடியாமல் போனால், வெளித்தீவிலிருந்து வீடு சேர ஒன்றரை நாள் ஆகலாம். விமானம் எத்தனை இருந்தாலும் படகு கிடைக்க வேண்டுமே. பாஸ்போர்ட் உங்கள் கையில், டிக்கெட்டுக்கான பணம் தனியாக, துறையில் ஸ்பீட் போட் ஓட்டுகிறவர் எண் போனில் என்று மூன்றும் எப்போதும் தயாராக இருக்கட்டும். வீட்டில் தம்பியிடமோ அக்காவிடமோ பள்ளி முதல்வரின் எண்ணையும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் கொடுத்து வையுங்கள்.