தூத்துக்குடி போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

திருச்செந்தூர் போகிற வழியில் மக்ரூன் இனிப்பு வாங்க நிற்கும் ஊராக மட்டும் தூத்துக்குடியை நினைப்பதுதான் பலரும் செய்கிற பெரிய தவறு. காலையில் வந்து, மதியம் மீன்சாப்பாடு சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஊர் உயிர்ப்போடு இருக்கும் நேரத்தில் அவர்கள் இங்கே இருப்பதே இல்லை. விசைப்படகுகள் விடியும் முன்பே கடலுக்குப் போய் இரவில்தான் திரும்பும். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் களைகட்டுவது அப்போதுதான். ஒரு இரவாவது தங்குங்கள்.

கிழமை பார்க்காமல் வருவது அடுத்த தவறு. இங்குள்ள மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கப் பரதவர்கள். ஞாயிறு கோயிலுக்கான நாள், கடலுக்குப் போகமாட்டார்கள். நாட்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் நாட்டுப்படகுகள் சனிக்கிழமைக்குள் கரை சேர்ந்துவிடும். அன்றைக்கு திரேஸ்புரம் கரையில் சீலா, விளமீன், ஊளி, பாறை மீன்கள் எல்லாம் வந்து குவியும். ஞாயிறு மத்தியானம் வந்து புது மீன் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

மாதமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும், நாட்டுப்படகு மீன்தான் வரும், விலை ஏறும். அந்த நேரத்தில் ஓட்டல்காரரிடம் விலைக்குச் சண்டை போடுவது நியாயமே இல்லை. கடலில் மீன் பெருகத்தான் இந்த இடைவெளி. அப்புறம், ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா பேராலயத் திருவிழா. அவசியம் பார்க்க வேண்டியது, ஆனால் அறை போடாமல் வந்துவிடாதீர்கள்.

ஏலக்கூடத்தில் நடுவில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். கூடை சுமந்து வருகிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. காயவைத்த வலையைச் செருப்புக் காலால் மிதிப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்காது. அது அவர்களுடைய மூலதனம். படம் வேண்டுமா, "அண்ணாச்சி, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், மீன் பெயரும் சொல்லித் தருவார்கள்.

படகு பேசி வான் தீவு, காரைச்சல்லித் தீவுக்குப் போக நினைக்காதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அவையும் சேர்த்தி, அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதை யார் விற்றாலும் வாங்காதீர்கள். எல்லாம் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. முத்துநகர் என்று பெயர் இருந்தாலும், இங்கே கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961இல். 'இப்போது எடுத்த தூத்துக்குடி முத்து' என்று யாராவது நீட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

மக்ரூனை முதல் நாளே வாங்கி அறையில் திறந்து வைக்காதீர்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த அது கடற்காற்றின் ஈரத்தில் சீக்கிரம் நமத்துப்போகும். ஊருக்குக் கிளம்பும்போது வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.