நீர்நிலைகளில் பிளாஸ்டிக் அள்ளும் கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்றிலோ கடலிலோ பிளாஸ்டிக் அள்ளும் கருவி ஒன்றை இறக்கியதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை டன் வந்தது?" என்றுதான். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அந்த எடையில் கிளை, பாசி, ஆகாயத்தாமரை, மீன்குஞ்சு எல்லாம் அடக்கம். வந்ததைப் பிரித்து, உயிரினங்களைத் தனியாக எண்ணிப் பார்க்காதவரை அந்தக் கருவியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சீபின் என்ற மிதக்கும் தொட்டியை எடுத்துக்கொள்வோம். படகுத்துறைகளில் மேல்நீரை உறிஞ்சிக் குப்பையைப் பையில் பிடிக்கும் கருவி அது. இங்கிலாந்தின் பிளிமத்தில் அதைச் சோதித்து 2022-ல் வெளியான ஆய்வில், சராசரியாக 3.6 குப்பைத் துண்டுகளுக்கு ஒன்று என்ற கணக்கில் கடலுயிரிகளும் மாட்டியிருந்தன. பையை எடுத்தபோது அவற்றில் ஏறக்குறைய பாதி செத்திருந்தன. கைவலையால் அள்ளுவது அதைவிடத் திறமையாக இருந்தது என்பதுதான் வேடிக்கை.

அடுத்தது, கருவியில் ஆமை தப்பிக்க வழி வைத்துவிட்டோம், போதும் என்று நினைப்பது. ஆமைக்கு நீந்தத் தெரியும். ஆனால் நடுக்கடலின் மேல்பரப்பில் நீந்தி விலக முடியாத உயிரிகளும் வாழ்கின்றன: நீலப் பாய்மரம்போல் மிதக்கும் வெலெல்லா, நுரைக்குமிழிகளைத் தெப்பமாகக் கட்டிக்கொள்ளும் ஊதா நத்தை ஜாந்தினா. பிளாஸ்டிக்கைத் திரட்டும் அதே காற்றும் நீரோட்டமும்தான் இவற்றையும் திரட்டுகின்றன. பிளாஸ்டிக் திரண்டு மிதக்கும் வட பசிபிக் குப்பைத் திட்டில் இவற்றுள் சில, சுற்றியுள்ள கடலைவிட அடர்த்தியாக இருப்பதாக 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு கப்பல்கள் சேர்ந்து நீண்ட வலையை இழுக்கும் ஓஷன் கிளீனப் அமைப்பின் முறை மீதான முக்கிய விமர்சனமும், இவையும் வலையில் சிக்கிவிடும் என்பதுதான். கப்பல்கள் எரிக்கும் எரிபொருள் வேறு இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆற்றில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே குறுக்கே கட்டும் மிதவைத் தடுப்பில் ஆகாயத்தாமரையும் சருகும்தான் முதலில் குவியும். நாள்கணக்கில் அள்ளாமல் விட்டால் அவை அழுகி நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். அடியில் மீத்தேன் உருவாகும். மீன் முட்டையிடும் பருவத்தில் கரையோரச் செடிகளை ஒட்டித் தடுப்பை இறுக்கிக் கட்டுவதையும் தவிர்க்க வேண்டும். மட்கிய கட்டையெல்லாம் குப்பையல்ல. பல உயிர்களுக்கு அது வீடு. அமெரிக்காவின் பால்டிமோரில் 2014 முதல் ஓடும் குப்பைச் சக்கரம் நீரோட்டத்திலும் சூரிய ஒளியிலும் இயங்குகிறது. எரிபொருள் தொல்லை அதில் இல்லை. ஆனால் குப்பையை மேலே ஏற்றும் அதன் நகரும் பட்டையிலும் இலைதழை ஏறத்தான் செய்யும்.

அப்புறம், அள்ளியது எங்கே போகிறது? சேறும் பாசியும் ஒட்டிய கலப்பு பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வது கடினம். திறந்தவெளியில் எரித்தால், பிவிசி கலந்திருக்கும்போது டையாக்சின் என்ற நச்சு வெளியேறும். கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த வெள்ளம் அதைத் திரும்ப ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போகும். எனவே கருவி வாங்கும் முன்பே கிடங்கும் லாரியும் பிரிக்கும் ஆட்களும் தயாராக இருக்க வேண்டும்.