மதுரைப் பக்கத்துச் சரளை மண்ணில் ஊர்க்காடு வளர்ப்பது எப்படி?

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே உள்ள புறம்போக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நட்ட கன்றுகள் இப்போது ஆள் உயரம் தாண்டிவிட்டன. இதே மாதிரி நிலம் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் நிறையக் கிடக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இடம்

கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொல்லி, நிலம் யார் பேரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கண்மாயாக இருந்தால், ஆயக்கட்டு (அதன் தண்ணீரில் பாயும் வயல் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் உள்ளவை நீர்வளத் துறையிடமும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கரை மேல் பெரிய மரம் வேண்டாம். வேர் செத்து மக்கினால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். கரைக்குப் பனை போதும், மழைக்கு முன்னால் கொட்டையை ஊன்றிவிட்டால் அது பாட்டுக்கு வரும்.

என்ன மரம்

நர்சரிக்குப் போவதற்கு முன் பக்கத்தில் உள்ள கோயில்காட்டைப் போய்ப் பாருங்கள். இடையபட்டி வெள்ளிமலைக் காடு மாதிரி, சாமிக்குப் பயந்து ஊரே காத்து வரும் இடங்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிற மரம் உங்கள் மண்ணிலும் நிற்கும். மேட்டுச் சரளைக்கு உசிலை, வெப்பாலை, ஆத்தி, விளா, மஞ்சணத்தி, வேம்பு. ஈரம் தங்கும் பக்கம் நீர்மருது, நாவல், இலுப்பை, புங்கை. மதுரை கடம்பவனம்தான், ஆனால் கடம்பைச் சரளையில் வைத்து வாட்டாதீர்கள், அது ஈரம் கேட்கிற மரம்.

சதுர மீட்டருக்கு 3, 4 கன்று நெருக்கி நடும் மியாவாக்கி முறையைப் பலர் சொல்வார்கள். போர்வெல் பக்கத்தில் இருந்தால் செய்யலாம். மழையை நம்பிய நிலத்துக்கு 8 முதல் 10 அடி இடைவெளிதான் என் கட்சி.

குழி

கன்று பிழைப்பதும் சாவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை ஒன்றிரண்டு பெய்து மண் இளகும். அப்போது 2 அடிக்கு 2 அடி, 2 அடி ஆழத்தில் எடுங்கள். டிராக்டரில் மாட்டும் குழி மிஷின் வேகமாக வேலை முடிக்கும், ஆனால் களி கலந்த மண்ணில், அதுவும் ஈரத்தில், குழியின் சுவரைச் சாணி மெழுகிய மாதிரி வழவழப்பாக்கிவிடும். வேர் அந்தச் சுவரைத் துளைக்க முடியாமல் உள்ளேயே சுற்றும், ஐப்பசி மழை தண்ணீர் வடியாமல் நிற்கும், கன்று அழுகும். அதனால் எனக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும்தான் பிடிக்கும். மிஷின் போட்டே ஆக வேண்டும் என்றால், நான்கு பக்கச் சுவரையும் அடியையும் கடப்பாரையால் கொத்தி விடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் அடியில் இன்னும் உடைக்க வேண்டும். எடுத்த மண்ணையே மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை கலந்து திரும்பப் போடுங்கள். வண்டல் மண்ணை மட்டும் கொட்டி நிரப்பினால் வேர் அந்தச் சுகத்தை விட்டு வெளியே போகாது.

நடவு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நடுங்கள், கார்த்திகைக்குத் தள்ளிப் போடாதீர்கள். பையைப் பிளேடால் கீறி முழுவதும் எடுத்துவிட்டு அடியைப் பாருங்கள். வேர் சுருண்டு வட்டமாகக் கிடந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட்டு நடுங்கள். கன்றின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மண்ணுக்குள் புதையக் கூடாது.

ஆடு

ஆடு மேய்க்கிறவர்களிடம் நடவுக்கு முன்பே பேசிவிடுங்கள். கீதாரியை (கிடை போடுகிறவர்களின் தலைவரை) ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, ஆடு தண்ணிக்குப் போகும் தடத்தை அடைக்காமல் வேலி போடுவோம், உள்ளே வளரும் புல்லை அறுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அவர்களே காவலாக இருப்பார்கள். வேலிக்கு, அங்கேயே வெட்டிய சீமைக்கருவேல முள் இரண்டு வருஷம் தாங்கும். அதற்குள் வரப்பில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) ஊன்றி உயிர்வேலி ஆக்கிவிடுங்கள். ஓரத்து வரிசைக்குப் புங்கை வையுங்கள், ஆடு அதை அவ்வளவாகச் சீண்டாது.

தண்ணீர்

தை முதல் ஆடி வரை, இரண்டு கோடைக்கும், வாரம் ஒரு முறை கன்றுக்கு 10 லிட்டர். தினமும் சொம்பு சொம்பாக ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும். எந்தத் தெரு எந்த வரிசைக்கு ஊற்றுவது என்று நடவுக்கு முன்பே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் பெயர் விழாத வரிசைக்குக் குழி எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு நட்டவர்கள் சிலர் கரையான் அரிப்பதாகச் சொன்னார்கள். விசாரித்தால், பச்சைச் சாணியையும் காய்ந்த சருகையும் குழிக்குள் போட்டிருக்கிறார்கள். மக்காத எதுவும் உள்ளே போகக் கூடாது. குழிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்துவிடுங்கள். கன்றைச் சுற்றி மண்மேல் பரப்பும் மூடாக்குச் சருகைத் தண்டில் படாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பட்டுப்போன கன்றை உடனே மாற்ற வேண்டாம், குழியை அப்படியே விட்டு வைத்து அடுத்த ஐப்பசியில் வேறு ஜாதிக் கன்று வையுங்கள்.