சின்ன டிராக்டருக்கு விறகு பிளக்கும் கருவி: டன் கணக்கு மட்டும் போதாது

விறகு பிளக்கும் கருவி வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை டன்?" என்றுதான். சின்ன டிராக்டருக்கு அதைவிட முக்கியம், அதன் ஹைட்ராலிக் பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் தள்ளுகிறது என்பது. டன்னில் சொல்லும் பிளக்கும் விசை, சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணெயின் அழுத்தத்தையும் பொறுத்தது; வேகமோ எண்ணெய் ஓட்டத்தைப் பொறுத்தது. 4 அங்குல விட்டமும் 24 அங்குல நகர்வு நீளமும் உள்ள சிலிண்டர் நிரம்ப ஏறக்குறைய 5 லிட்டர் வேண்டும். பம்ப் 20 லிட்டர் தள்ளினால் முழு நீளம் ஓட 15 விநாடி. விட்டம் 5 அங்குலமானால் 23 விநாடி; கட்டைக்குக் கட்டை கைகட்டி நிற்க வேண்டியதுதான். அவ்வளவு பொறுமை இல்லையா? பி.டி.ஓ.வில் (டிராக்டர் எஞ்சினின் சக்தியை வெளிக் கருவிக்குத் தரும் சுழல் தண்டு) ஓடும் தனி பம்பும் எண்ணெய்த் தொட்டியும் உள்ளதைப் பாருங்கள். அப்புறம், பி.டி.ஓ.வில் நேரடியாகச் சுழன்று கட்டைக்குள் திருகி இறங்கிப் பிளக்கும் திருகு வகை மட்டும் வேண்டவே வேண்டாம். துணி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.